வளர்ப்புக் கோழி இனித் தேறாது என்று தெரிந்தால்: எதைப் பார்ப்பது, எப்போது முடிவெடுப்பது

என் செவலைக்கு அப்போது ஐந்து வயது. வயிறு வீங்கி, பென்குயின் போல நிமிர்ந்து நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கூண்டைத் திறக்கும்போது, ‘இன்னும் ஒரு நாள் பார்ப்போம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கடைசி இரவு மூச்சு விட முடியாமல், அலகைத் திறந்து திறந்து மூடியபடி விடியும்வரை கிடந்தாள். முந்தைய நாள் மாலையே முடிவெடுத்திருந்தால் அந்த இரவு அவளுக்கு வந்திருக்காது. முதன்முறையாகக் கோழி வளர்ப்பவர்கள் இதே இடத்தில் திகைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அதனால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கோழி நோயைக் காட்டாது

கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான தொர்லைஃப் ஷெல்டரூப்-எபே இதைக் கவனித்து 1921இல் எழுதினார். சோர்ந்து போன கோழி அந்த வரிசையில் கீழே தள்ளப்படும், கொத்து வாங்கும். அதனால் முடிந்தவரை நன்றாக இருப்பது போலவே அது நடமாடும். தீனித் தட்டுக்கு எல்லாரோடும் ஓடிவரும், கொத்துவது போலத் தலையை ஆட்டும். ஆனால் தீனி உள்ளே போகாது.

கழுத்தை உள்ளிழுத்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி மூலையில் நிற்கும் கோழியை நீங்கள் பார்க்கிறீர்கள் என்றால், நோய் அன்றைக்குத்தான் வந்தது என்று நினைக்க வேண்டாம். அது பல நாளாக மறைத்து வைத்திருந்தது. இனி மறைக்கத் தெம்பு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘இன்றைக்குத்தானே சோர்ந்திருக்கிறது, ஒரு வாரம் பார்க்கலாம்’ என்ற கணக்கு இங்கே பொருந்தாது.

சாகப் போகிறதா, வேறு ஏதாவதா?

முடிவு பற்றி யோசிப்பதற்கு முன்னால், இது உண்மையிலேயே தேறாத நோயா என்று பாருங்கள். அடை உட்கார்ந்த கோழியும் ஒரே இடத்தில் கிடக்கும், சரியாகத் தின்னாது. ஆனால் கையை நீட்டினால் இறகைப் பரப்பிக்கொண்டு உறுமும், கொத்த வரும். நோயுற்ற கோழி அப்படிச் சீறாது. இறகு உதிரும் காலத்திலும் கோழி பார்க்கவே பரிதாபமாக இருக்கும், முட்டை நின்றுவிடும், கொண்டை வெளிறும். ஆனால் தீனி எடுக்கும், நடமாடும்.

வைத்தியத்துக்குக் கட்டுப்படும் நோய்களும் நிறைய இருக்கின்றன. ரத்தக் கழிச்சல், குடல் புழு, கூண்டின் இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு ஆகியவை கோழியைச் சாகும் நிலைக்குக் கொண்டுபோனாலும் சரியான மருந்தில் மீண்டுவிடும். முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது அவசரக் கேஸ். கோழி முக்கி முக்கி நின்றுகொண்டே இருக்கும், வால் கீழே தொங்கும். இதமான வெந்நீரில் அடிப்பாகம் மூழ்கும்படி 15, 20 நிமிடம் உட்கார வைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஒன்றிரண்டு நாள் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

தேறுவதற்கு வாய்ப்புக் குறைந்தவை என்றால், முட்டையிடும் உறுப்புகளில் வருபவைதான் முக்கியமானவை. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட இனங்கள் வருடத்துக்கு 300 முட்டை வரை இடுகின்றன. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த உடம்புக்கு ஓய்வே இல்லை என்பது புரியும். மஞ்சள் கரு வழி தவறி வயிற்றுக்குள் விழுந்து அழற்சி ஆவதும், சினைப்பையில் புற்றுநோய் வருவதும் அதனால்தான் இவ்வளவு சாதாரணம். சினைப்பைப் புற்றுநோய் மனிதரைப் போலவே தானாக வருவதால் ஆராய்ச்சியாளர்கள் கோழியை வைத்தே அதை ஆராய்கிறார்கள். செவலைக்கும் வயிற்றில் நீர் கோத்திருந்தது. ஊசியால் நீரை எடுத்தார்கள். நான்கு நாள் ஓடியாடினாள், ஐந்தாம் நாள் மறுபடி வீக்கம்.

இளம் கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டியபடி எழ முடியாமல் கிடந்தால், மேரக் நோயாக இருக்கலாம். ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரக் 1907இல் விவரித்த நோய் இது. வைரஸால் வருவது. தடுப்பூசி உண்டு, வந்தபின் மருந்து இல்லை.

இன்னொன்று. ஒரே நேரத்தில் பல கோழிகள் படுத்தாலோ, அடுத்தடுத்துச் செத்தாலோ இந்தக் கட்டுரையை மூடி வையுங்கள். வெள்ளைக் கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கக்கூடும். உடலை வெறுங்கையால் தொடாமல், அறுத்துப் பார்க்காமல், உடனே அரசு கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

இதை மட்டும் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இருட்டிய பிறகு, கோழி கம்பில் அடைந்ததும் மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் கோழி அமைதியாக இருக்கும். மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நமக்கு இருப்பது போல உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சுப் போய்வரும். வயிறு வீங்கிய கோழியை மல்லாக்கப் போடவே கூடாது.

கழுத்தின் அடியில், மார்பு தொடங்கும் இடத்தில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். நல்ல கோழிக்கு மாலையில் அது நிறைந்து இருக்கும், காலையில் காலியாக இருக்கும். மாலையில் காலி என்றால் தின்னவில்லை. காலையிலும் நிறைந்து, களிமண் உருண்டை மாதிரியோ தண்ணீர்ப் பை மாதிரியோ இருந்தால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. அப்புறம் மார்பெலும்பு. அதன் இரு பக்கமும் சதை திரண்டிருக்க வேண்டும். விரலுக்குக் கத்தி முனை மாதிரி எலும்பு மட்டும் தட்டுப்பட்டால், கோழி பல நாளாகத் தன் சதையையே தின்றுகொண்டிருக்கிறது. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. செவலை கண்ணுக்குக் குண்டாகத்தான் இருந்தாள். கை வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எச்சத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சையாக, நீர்த்து, வெள்ளை மட்டும் அதிகமாக இருந்தால் வயிற்றில் தீனி இல்லை, பித்தம் மட்டும் வருகிறது. ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருந்தால் உடனே கழுவித் துடையுங்கள். அங்கே ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாடிக் கிடக்கும் கோழிக்கு இதைவிடப் பெரிய கொடுமை இல்லை.

சமையலறைத் தராசில் ஒரு பெட்டியை வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். நம் ஆசை எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும், தராசு சொல்லாது.

தனியே, ஆனால் தனிமையில் அல்ல

சோர்ந்த கோழியை மற்றவை கொத்தாத இடத்துக்கு மாற்றுங்கள். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு அருகில். தின்னாத கோழியால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே காற்று வீசாத, இதமான சூடுள்ள இடம் வேண்டும். அதற்கு எப்போதும் பக்கத்தில் அடையும் கோழி வலைக்கு அந்தப் பக்கம் கண்ணில் படும்படி இருந்தால் நல்லது. தொற்றுநோய் என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் முழுதாகப் பிரித்துவிடுங்கள்.

தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்கியதும் அடுத்த சொட்டு வையுங்கள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

மருத்துவரிடம் என்ன கேட்பது

கோழியை எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்ப்பதில்லை. செவலையைத் தூக்கிக்கொண்டு போன முதல் இடத்தில், ‘கோழிக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பதில்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற அந்த நேரம் மிகவும் வலித்தது. அதனால் கோழி நன்றாக இருக்கும்போதே, பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் யார், விடுமுறை நாளில் யாரை அழைக்கலாம் என்று விசாரித்து எண்ணை எழுதி வைத்துவிடுங்கள்.

அவரிடம் நேராகக் கேளுங்கள். இது தேறுமா, தேறினாலும் எத்தனை நாளில் திரும்பி வரும்? இப்போது வலி இருக்கிறதா, அதற்கு என்ன கொடுக்கலாம்? ஒன்றும் செய்யாமல் விட்டால் சாவு எப்படி இருக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க நா எழாது. ஆனால் முடிவெடுக்க உதவுவது அதற்கான பதில்தான். முட்டை உறுப்பில்தான் பிரச்சினை என்றால், முட்டையிடுவதைச் சில மாதம் நிறுத்தி வைக்கும் ஹார்மோன் மருந்துத் துண்டைத் தோலுக்கடியில் வைப்பது உதவுமா என்றும் கேட்கலாம். சீக்கிரமே பிடித்துவிட்டால் சில கோழிகளுக்கு அது நல்ல நாட்களைக் கொடுக்கிறது. மருந்து தரும்போது, அந்த முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவு பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பணம் இல்லை என்பதற்காக வலியில்லாத முடிவைத் தேர்ந்தெடுப்பவர், கோழி மேல் பாசம் இல்லாதவர் அல்ல.

கோட்டை முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்

நான் செய்யத் தவறியது இதுதான், இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கோழி இன்னும் ஓரளவு நடமாடும்போதே, நிதானமான ஒரு மாலையில் உட்கார்ந்து, ‘எது நடந்தால் நிறுத்துவேன்’ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நிலைமை மோசமாகும்போது நம் மனசு கோட்டைத் தள்ளித் தள்ளி வைக்கும். நேற்று ‘நடக்க முடியாவிட்டால்’ என்று நினைத்தவர், இன்று ‘நிற்கிறதே’ என்பார், நாளை ‘கண்ணைத் திறக்கிறதே’ என்பார்.

என் நோட்டில் இப்போது இருக்கும் கோடுகள் இவை: வெயிலோ ஓட்டமோ இல்லாமல் சும்மா இருக்கும்போதே அலகைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது. ஒரு முழு நாள் தானாக ஒன்றும் தின்னாமல், மிகவும் பிடித்ததைக் காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொள்வது. தன் எச்சத்திலேயே கிடந்து, நகர முடியாமல் இருப்பது. இதில் முதலாவது ஒன்றே போதும், அன்றைக்கே. மற்ற இரண்டும் சேர்ந்தால் மறுநாளைத் தாண்டுவதில்லை.

இதோடு, அந்தக் கோழிக்கென்று இருக்கும் பழக்கம் மூன்றை எழுதுங்கள். இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். செவலைக்கு: காலையில் கதவு திறந்ததும் முதல் ஆளாக வெளியே வருவது, மத்தியானம் செம்பருத்திச் செடி நிழலில் மண் குளிப்பது, மாலையில் என் செருப்பைக் கொத்துவது. மண் குளியல் முதலில் நின்றது. அடுத்தது காலை ஓட்டம். செருப்பைக் கொத்துவதைக் கடைசி வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் செய்தாள். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் மீதி ஆறு நாளை நான் பார்க்காமல் விட்டேன். காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

கணக்காகப் பார்க்க விரும்புபவர்களுக்கு, கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் கொடுத்த அளவுகோல் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். மொத்தம் 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது கணக்கு. நாய், பூனையை மனதில் வைத்துச் செய்தது. கோழி வலியை மறைப்பதால், வலிக்கு மதிப்பெண் போடும்போது உங்களுக்குத் தோன்றுவதிலிருந்து இரண்டைக் குறைத்துப் போடுங்கள் என்பது என் யோசனை.

வீட்டில் எல்லாரும் அந்தப் பக்கத்தைப் படிக்கட்டும். பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள். ‘தூங்கப் போகிறது’ என்று சொல்ல வேண்டாம், அப்புறம் அவர்களுக்குத் தூங்கவே பயம் வரும். ‘உடம்பு சரியாகாது, வலிக்காமல் சாக உதவப் போகிறோம்’ என்றால் பிள்ளைகளுக்குப் புரியும்.

எப்படி

முடிந்தால் மருத்துவர் வழியே போங்கள். ‘முதலில் மயக்கம் கொடுத்துவிட்டுத்தானே கடைசி ஊசி போடுவீர்கள்?’ என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முகத்தருகே மயக்க வாயுவைப் பிடித்துக் கோழி நினைவிழந்த பின், இதயத்தை நிறுத்தும் ஊசியைப் போடுவது நல்ல முறை. பக்கத்தில் இருக்கலாமா என்றும் கேளுங்கள். கொண்டுபோகும் பெட்டியில் பழைய துண்டு விரித்து, வெளிச்சம் படாமல் மூடிவிட்டால் வழியில் பதற்றப்படாது.

நினைவு போன பிறகும் இறக்கை படபடவென்று அடிக்கலாம், கால் உதறலாம், கண் திறந்தே இருக்கலாம். அது வலி அல்ல, நரம்பின் அனிச்சை அசைவு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், அந்தக் காட்சி மனசில் தங்கிவிடும். அதனால்தான் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மருத்துவரே கிடைக்காத இடங்களில், பழகிய கோழி வளர்ப்பாளர்கள் கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் பிரிப்பார்கள். பழகிய கை செய்தால் விரைவாக முடியும். பழகாத கை செய்தால் கோழிக்கு அது சித்திரவதை. படித்துப் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. தெரிந்த ஒருவரை வரவழைத்துச் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் அமிழ்த்துவது, உறைபெட்டியில் வைப்பது, வண்டிப் புகை, கண்ட மருந்தையும் அளவுக்கு மீறிக் கொடுப்பது ஆகிய எதையும் செய்யாதீர்கள். இவை எல்லாமே நீண்ட வேதனை.

தானாகவே போகட்டும் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. அதையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டும், சூடும் சுத்தமும் பார்த்துக்கொண்டும், மூச்சுத் திணறல் இல்லாத வரைக்கும்தான். பெரும்பாலான கோழிகள் தூக்கத்தில் சாவதில்லை. கடைசியில் வலிப்பு வந்து தலை பின்னுக்கு வளையும், இறக்கை அடிக்கும். அதைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு அந்த வழியை எடுங்கள்.

அதற்குப் பிறகு

எதனால் செத்தது என்று தெரிய வேண்டுமென்றால் (மற்ற கோழிகளும் இருந்தால் நிச்சயம் தெரிந்துகொள்வது நல்லது), உடலைப் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், தீனிப் பொருள் எதுவும் படாமல் வையுங்கள். உறைய வைத்தால் திசு கெட்டுவிடும். ஒரு நாளுக்குள் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள்.

புதைப்பதென்றால், உங்கள் ஊர் விதி அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிணற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில், மூன்றடியாவது தோண்டுங்கள். கடைசி ஊசி போட்ட உடல் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த மருந்து உடலிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்னும் நாயையோ பருந்தையோ கொன்றுவிடும். எரிக்க வசதி இருந்தால் எரிப்பதே மேல். அந்தக் கோழியைத் தீனியாக எந்தப் பிராணிக்கும் கொடுக்கக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது படுத்திருந்த படுக்கையை மாற்றிக் கூண்டைத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள்.

மற்ற கோழிகளை இரண்டு வாரத்துக்குத் தினமும் தூக்கிப் பாருங்கள். கொத்து வரிசை மாறும், சின்னச் சண்டைகள் வரும், ரத்தம் வராத வரை குறுக்கே போகாதீர்கள். ஒரே ஒரு கோழி மிச்சமானால் அதைத் தனியாக விடாதீர்கள், அது கூட்டத்தில் வாழும் பிராணி. புதிதாகக் கொண்டுவரும் கோழிகளை ஒரு மாதம் வேறு இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகச் சில நாள் விட்டுப் பழக்கி, அதன் பிறகு ஒன்று சேர்த்துவிடுங்கள்.

செவலை போன பிறகு என் இன்னொரு கோழி கருப்பி பல நாள் கம்பின் பாதியைக் காலியாக விட்டுவிட்டு, தன் பழைய ஓரத்திலேயே அடைந்தாள். இருட்டியதும் போய் அவளைத் தூக்கி, தீனிப்பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைப்பேன். நிறைந்துதான் இருந்தது.